வாடகைக்கு விட்ட வாய்

பேசத் தொடங்குமுன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் வலது மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். அதன் பிறகுதான் வாய் திறக்கும். "நான் அவனை அடித்தேன்" என்பாள் ஆங்கிலத்தில். அடித்தவன் கூண்டில் நிற்பான். இவள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். எவன் சொன்னதையும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிப் பேசினால் மட்டும் யாரோ மூன்றாம் மனுஷிபோல 'மொழிபெயர்ப்பாளர்' என்று சொல்ல வேண்டும். "வாயை மட்டுந்தான் வாடகைக்கு விட்டிருக்கேன். கை என்னுது" என்பது அவள் கட்சி.

கணவருக்குப் பெருமை பிடிபடாது. "எங்க வீட்டம்மா ஒத்துக்காத குத்தமே கிடையாதுங்க. போன வாரம் லாரியையே திருடிட்டேன்னு ஜட்ஜு முன்னாடி சொல்லிட்டு, சாயங்காலம் வந்து துணி மடிச்சா!"

வக்கீல்கள் வைத்த பெயர் தங்கத் தராசு. பூசணிக்காய் நிறுக்கிற இடத்திலும் குந்துமணி எடை பார்ப்பாளாம். தோளில் தட்டினான் என்று சாட்சி சொல்லிவிட்டால் போச்சு. கூப்பிடத் தட்டினால் 'டாப்', தேற்றத் தட்டினால் 'பாட்', கோபத்தில் தட்டினால் 'ஸ்லாப்'. தமிழுக்கு ஒரே தட்டு. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு நன்றி, ஒன்றுக்குச் சிறை. எது என்று கேட்க நீதிபதியிடம் அனுமதி வாங்குவாள். அவள் விளக்கம் கேட்டு முடிப்பதற்குள் ஒரு வக்கீலுக்குத் தலையே நரைத்துவிட்டதாகப் பேச்சு.

நீதிபதிக்கும் பொறுமை தீர்ந்திருந்தது. இனியும் குறுக்கிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

"இன்னிக்காவது சும்மா இரு" என்றார் கணவர், காலையில் செருப்பு மாட்டும்போது. "நான் சொல்றது கேக்குதா?"

"நல்லா கேக்குது."

"கேப்பியா?"

"அது வேற கேக்குறதுங்க."

அன்றைய வழக்கு, கிடங்கில் பிடித்த தீ. பின்கதவு வெளியே பூட்டியிருந்ததால் பெட்டி கட்டுகிற பெண் ஒருத்தி வெளியே வரவேயில்லை. பூட்டியது யார் என்பதுதான் கேள்வி. கூண்டில் கிடங்குக் காவல்காரர், சட்டைப் பித்தானைத் திருகியபடி. முன்வரிசையில் அவர் மனைவி. அவள் புருஷனைப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி கதவைப் பூட்டச் சொன்னதும் நீர் என்ன செய்தீர்? சுருக்கமாகச் சொல்லும்" என்றார் அரசு வக்கீல்.

"கேட்டேங்க."

மணிக்கட்டில் பிடி இறுகியது. 'ஹியர்' என்று சொன்னால், காதில் விழுந்தது, அவ்வளவுதான். 'ஆஸ்க்' என்றால் எதிர்க்கேள்வி போட்ட ஆள். 'ஒபே' என்றால் சொன்னபடி பூட்டிய கை. ஒரு வார்த்தைக்குள் மூன்று பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் உள்ளே போகவேண்டியவன்.

"என்ன சொன்னார்?" வக்கீல் அவசரப்படுத்தினார். நீதிபதியின் பேனா மேசையைத் தட்டியது. அது தேற்றுகிற தட்டல்ல.

நாக்கு நுனியில் 'ஹியர்' வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பொய்யுமில்லை, சொன்னால் வேலையும் தங்கும், அந்த மனைவிக்கும் மூச்சு வரும். அவள் எச்சிலை விழுங்கினாள், அதையும் சேர்த்து.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க அனுமதி வேண்டுகிறார்."

நீதிபதி பேனாவைப் போட்டார். "இதுதான் கடைசி."

அவள் கூண்டின் பக்கம் திரும்பினாள். "ஐயா, கேட்டேன்னா? காதுல கேட்டீங்களா, ஏன்னு கேட்டீங்களா, இல்ல அவர் சொன்னபடி கேட்டீங்களா?"

காவல்காரரின் விரல் பித்தானை விட்டது. இத்தனை மாதத்தில் இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பதுபோலப் பார்த்தார்.

"காதுல கேட்டேம்மா. ஆளுங்க உள்ள இருக்காங்களே, ஏன்னும் கேட்டேன். 'சொன்னதைச் செய்யிடா'ன்னாரு. அப்புறம்..." அவர் வலது கை காற்றில் ஒரு தரம் திரும்பியது. "கேட்டேன்."

முன்வரிசையில் ஒரு கை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டது.

கையசைவை மொழிபெயர்க்கக் கூடாது; அது தொழிலின் சட்டம். வார்த்தைகளை மட்டும், ஒன்றுவிடாமல், 'நான்', 'நான்' என்று சொல்லிக்கொண்டே போனாள். 'கேட்டேன்' ஒவ்வொன்றும் வேறு வேறு ஆங்கிலமாகச் சபையில் விழுந்தது. கடைசி 'நான்' வந்தபோது, இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் கிடந்த வலது கை பிடியிலிருந்து நழுவி முன்னால் வந்து, எல்லோரும் பார்க்க, இல்லாத சாவி ஒன்றைத் திருகியது.