ஒயர் இல்லாத பேஸ் கிதார்

எங்கள் மாமாவைப் போல எரிச்சலூட்டும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. பாளையங்கோட்டையில் எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் மாண்டலின், வயலின், கீபோர்டு, டிரம்ஸ் என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். ஆனால் யாரும் சீண்டாத பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் தூணோரம் நின்றுவிடுவார். அவர் வாசிக்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்றுகூட என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வெளியூர்க் கச்சேரிக் குழுக்காரர் ஒருவர் வருகிறார், நன்றாக வாசிப்பவரைக் கையோடு சேர்த்துக்கொள்வார் என்றார்கள். மாமாவுக்கு நிலையான வேலை கிடையாது. முன்னால் நின்று மாண்டலின் வாசித்தால் அவரை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆராதனைக்கு முன்பே பேஸ் கிதாரை ஸ்பீக்கரோடு இணைக்கும் ஒயரை உருவி என் பைக்குள் ஒளித்துவைத்தேன்.

அது போதுமா? முதல் பாட்டுக்கே டிரம்ஸ்காரரைக் காணோம்.

“வே, அவன் அசனச் சோறு கிண்டப் போயிட்டான். நீரு பைய அங்கன உக்காரும்” என்றார் குழுத் தலைவர்.

மாமா மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். இரண்டாம் பாட்டுக்கு டிரம்ஸ்காரர் வந்துவிட்டார்; வயலின் டீச்சர் பந்திக்கு இலை போடப் போய்விட்டார்கள். வயலினும் மாமா தலையில்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் பாட்டுக்கு டீச்சரும் திரும்பிவிட்டார்கள். மாமா பேஸ் கிதாரைத் தேடிப் போனார்.

“ஒயரைக் காணலையே! சரி, மாண்டலினை எடும் வே” என்றார் குழுத் தலைவர்.

மாமா முன்னால் வந்தார். என்ன வாசிப்பு! ஆனால் இரண்டு வரி போவதற்குள் பெண்கள் பக்கம் முந்தியது, ஆண்கள் பக்கம் இழுத்தது. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் டிரம்ஸ்காரர் திணறினார். இந்த மாமா என்ன செய்தார் தெரியுமா? மாண்டலினைக் கீழே வைத்தார். கீபோர்டுக்காரர் பக்கத்தில் நுழைந்து, பேஸ் கிதாரைப் போலவே கனத்து ஒலிக்கும் இடது ஓரத்துக் கட்டைகளை ‘டும் டும்’ என்று அழுத்தினார். பாட்டு அடங்கி ஒன்றாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆராதனை முழுக்க முன்வரிசையில் இருந்து கவனித்த கச்சேரிக் குழுக்காரர், பந்தியில் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நம்ம குழுவுல பேஸ் வாசிக்க வாரீரா?”

மாமா உடனே தலையாட்டினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அங்கயும் பின்னாலதானா மாமா?”

“பின்னாலதாம்ல மருமவனே!”

வாய் நிறையச் சோற்றோடு அப்படியொரு சிரிப்பு சிரித்தார். மறுபடி பின்னாலேயே நிற்கப்போகிற, தோற்றுப்போன மனிதர் எதற்காக இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.