டார்கஸ் செய்த நான்காம் மூலை

டார்கஸ் முதலில் ஏணியை வென்றாள். பெண்பிள்ளை ஏறினால் சாரம் சரியும் என்று சொல்லிக்கொண்டிருந்த யார்க்‌ஷயர்ப் பூச்சுக்காரர்கள், அவள் ஏறிக் காட்டியதும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து ஒரு சின்னப் பூச்சுக் கரண்டியை வென்றாள். கடைசியில் இங்கிலாந்துப் பிரபுவின் மாளிகைப் பெரிய கூடத்து மேற்கூரையில் ஒரு மூலையையே வென்றாள். பால்பண்ணையில் வெண்ணெய் திரட்டும் குளிர்ந்த கைகள்தான் அவளுடைய சொத்து. அதே மாளிகையில் சமையல் பார்த்த அக்கா ஹெஸ்டர் இவற்றை வரிசை தப்பாமல் சொல்வாள்.

சுண்ணாம்புச் சுதை வேலைக்கு இத்தாலிப் பக்கத்து லுகானோ ஏரிக்கரையிலிருந்து வந்தவர் அகோஸ்தீனோ மேஸ்திரி. சுதை சட்டென்று இறுகாமலிருக்க அதில் ஒயின் ஊற்றிப் பிசைவார். மூன்று மூலைகளில் எலுமிச்சை, அத்தி, மாதுளை முடிந்தன. நான்காவதில் திராட்சை வரவேண்டும். அதற்குள் ஒயின் பீப்பாய் காலி.

"சுதை குடிச்சதா, நீங்க குடிச்சீங்களா மேஸ்திரி?" என்றாள் பால் கொண்டுபோன டார்கஸ்.

"வாயாடி! உங்க ஊர்க் குளிருக்கு வேற என்ன பண்ணச் சொல்றே?"

"பால் திரிஞ்ச புளிச்ச தண்ணி ஊத்துங்க, நான் தரேன். ஆனா அந்த மூலை எனக்கு."

ஊற்றிப் பார்த்தார். சுதை சொன்னபடி கேட்டது. அவரும் மூலையைக் கொடுத்தார். "பிரபு முகம் சுளிச்சார்னா சுத்தியலால தட்டிடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

டார்கஸ் திராட்சையைக் கண்ணால் கண்டதில்லை. "எப்படிக்கா இருக்கும்?"

ஹெஸ்டருக்குத் தெரிந்தது புட்டிங் பலகாரத்தில் போடும் உலர்திராட்சைதான். "ஊறவெச்சா நம்ம தோட்டத்துக் கூஸ்பெரிக் காய் மாதிரி உப்பும்டி."

ஆறு நாளில் டார்கஸ் கொத்துக் கொத்தாகக் கூஸ்பெரி செய்து முடித்தாள். நகத்தால் கீறிய கோடு, மேலே பூனைமயிர், நுனியில் காய்ந்த வால் எல்லாம் இருந்தன. மேஸ்திரி பார்த்தார், அது திராட்சையே இல்லை. சுத்தியலை எடுத்தார். அந்த நேரம் பிரபுவும் சீமாட்டியும் உள்ளே வந்தார்கள்.

"இது என்ன பழம்? ரோமாபுரியில நான் பாத்ததே இல்லையே" என்றார் பிரபு. கதவோரம் நின்ற ஹெஸ்டர் கூடத்துக்குள் ஓர் அடி வைத்தாள். தப்பு அவளுடையதல்லவா?

சீமாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம தோட்டத்துல பாருங்க! மத்ததெல்லாம் அயல்நாட்டுப் பழம், இந்தக் கூரையில எனக்கு உறவுன்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு. மேஸ்திரி, அதத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி. ஹெஸ்டர், இன்னிக்கு அடுப்புல கூஸ்பெரி பை சுடு!"

மேஸ்திரி சுத்தியலைக் கீழே போட்டார். ஒரு பிடி சுதை பிசைந்து, கொத்துக்குப் பின்னால் அப்பினார். "பேர் போடு, பால்காரி."

டார்கஸுக்கு எழுதத் தெரியாது. ஹெஸ்டர் மாவுப் பலகையோடு ஓடிவந்து, மாவில் ஒவ்வோர் எழுத்தாக விரலால் போட்டுக் காட்டினாள். தங்கை சாரத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கீறினாள்:

டார்கஸ் ஹார்டிஸ்டி, 1743 ஜூலை 9.