சின்னப்பாவை ஆங்கிலத்தில் எழுதினேன்

சுனாமி வந்து ஒரு வருஷம் கழித்து எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவிவந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், கடலூரிலும் ஓர் அறை எடுத்து, அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் படிக்கவைத்தது. படிவங்கள்கூட ஆப்பிரிக்காவுக்கென்று அடித்தவை. 'வீட்டில் எத்தனை ஆடு?' என்று மீனவக் குடும்பங்களிடம் கூச்சமில்லாமல் கேட்டு நிரப்புவேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். பிள்ளைகளின் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, வெளிநாட்டில் அவர்களுக்கு உதவுகிறவர்களுக்கு அனுப்புவதுதான் முக்கிய வேலை.

எம்.ஏ. ஆங்கிலம் படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கடிதமெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, பிள்ளையின் சொல்லே வரட்டும் என்று தலைமை அலுவலகம் எழுதியதில் ரோஷம் வந்துவிட்டது. அடுத்த கடிதம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடையது. 'சின்னப்பா தீபாவளிக்குப் பாவாடை எடுத்துக் குடுத்தார். எங்க வீட்லதான் சாப்ட்டார்' என்று எழுதியிருந்தாள். சித்தப்பாதானே, அங்கிள் என்று போட்டிருந்தால் தீர்ந்தது. நான் சொல்லுக்குச் சொல் 'லிட்டில் ஃபாதர்', சின்ன அப்பா என்றே ஆங்கிலத்தில் எழுதினேன். படிக்க அழகாக இருந்தது.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தாய் மறுமணம் செய்துகொண்டதாகத் தெரிகிறது, அப்படியானால் விதிப்படி உதவியை நிறுத்த வேண்டும், நேரில் விசாரிக்கவும். விசாரிக்கப் போனதும் நான்தான்.

"வூட்ல வேற யாரு இருக்காங்கக்கா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாரு மேடம் என்னா எழுதிப் போட்டாங்க? வந்துட்டுப் போறது என் வூட்டுக்காரரு தம்பி. அவுருக்குக் குடும்பம் இருக்குது. அரிசி, மீனு வாங்கியாந்து குடுக்குறாரு, அவ்ளோதான்."

தப்பு என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை என்று மட்டும் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் நம்பவில்லை; பார்வையிட ஆள் வரும் என்றார்கள். சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அவள் படிப்பு போகும். மூன்று மாதம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஆங்கிலத்தின்மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

பார்வையிட வந்தவர், தான்சானியாவில் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த, அந்த நாட்டுக்காரரான ஓர் அம்மாள். ஆட்டோவில் குப்பத்துக்குப் போகும்போது அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர்களுடைய சுவாஹிலிப் பேச்சிலும் அப்பாவின் தம்பி சின்ன அப்பாதானாம். "இது புரியாதவர்களிடம் மாட்டிக்கொண்டாயே. நான் எழுதிக்கொள்கிறேன், உதவி நிற்காது" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது வேலிக்கு வெளியே ஒருவர் பையோடு நின்றிருந்தார். பையில் மீன் இருப்பது வாடையிலேயே தெரிந்தது. அந்தப் பெண்ணிடம், "அவுரு யாரும்மா?" என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்டுக்காரரு" என்றாள், தலை நிமிராமல்.

அவள் அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தார். "அவுரு வாசப்படி மிதிச்சு மூணு மாசம் ஆவுது மேடம். வேணும்னா தெருவுல யாரை வேணாக் கேளுங்க. புள்ளையையும் சின்னப்பான்னு கூப்புடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"எல்லாம் சரியாயிடுச்சுக்கா. அவுரு தாராளமா வரலாம். உள்ள கூப்புடுங்க."

"இன்னிக்கு வரலாம்பீங்க. நாளைக்கு இன்னொருத்தர் எழுதுனா? வாணாம் மேடம். புள்ள படிக்கட்டும்."

எல்லாம் வேலிக்கு வெளியே நின்றவர் காதில் விழுந்திருக்கும். பையை வேலியில் மாட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தார். அந்தப் பெண் ஓர் அடி எடுத்துவைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மொதல்ல எழுதுனது யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம்" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலக்கா" என்றேன்.