கூடத்தில் வைத்த ரேடியோ

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, நாடே காத்திருந்த நேரம். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு ரேடியோ வாங்கினேன். அதை மாட்டித்தர வந்தவர், மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பகுதியிலேயே இருந்த ஒரு மலாக்கா செட்டி. நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் கட்டம் போட்ட சாரோங். பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வம்சம்தான்; ஆனால் தமிழ் தெரியாது, பேச்செல்லாம் மலாய்தான். எந்த வீட்டுக்குப் போனாலும், பெட்டியைத் தொடுமுன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது அவர் பழக்கம்.

"அப்பாவும் நானும்தான்" என்றேன்.

அவர் ரேடியோவைக் கூடத்தில் வைத்தார். அங்கிருந்து கம்பி இழுத்து, ஸ்பீக்கரை மட்டும் அப்பாவின் அறையில் மாட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்கத்தானே சொன்னேன், அபாங்? சத்தம் கூட்டவும் குறைக்கவும் என்னையல்லவா கூப்பிட வேண்டும்?"

"கூப்பிடட்டும்" என்றார் அவர், திருப்புளியைத் துடைத்தபடி. "ரேடியோவுக்குப் பேசத்தான் தெரியும். அவர் பேசினால் கேட்பது யார்?"

அதன்பின் அப்பா, "டேய், கொஞ்சம் கூட்டுடா" என்று குரல் கொடுப்பார். கூட்டிவிட்டு, போதுமா என்று கேட்க உள்ளே போவேன். போனால் உட்கார்ந்துவிடுவேன்.

வீட்டு ஆட்களைக் கேட்டுப் பெட்டி வைக்கும் பழக்கத்தை அந்த மனிதர் யாரை நினைத்துத் தொடங்கினாரோ, நான் கேட்கவே இல்லை. அப்பா போய் வெகுகாலமாகிறது. இன்றும் ரேடியோவைத் திருகினால், அந்த அறைப் பக்கம் திரும்பி, "போதுமாப்பா?" என்று கேட்டுவிடுகிறேன்.