நவமணியின் பொத்தான்

நான்கு. இந்த எண்ணை மறக்க வேண்டாம். நவமணி கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துகிறாள். அழுத்திய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணுகிறாள். உள்ளே விசிறி சுழலும், பச்சை விளக்கு எரியும். நான்காவது விரல் மடங்கும்போது எல்லாம் அடங்கிவிடும்.

"மல ஏறிருச்சு," என்பாள், சாமியைச் சொல்வது போல. கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்துப் பொத்தானில் வைப்பாள். மறுபடி அழுத்துவாள்.

பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே, மூடிப்போன ரப்பர் தோட்டத்து ஆட்கள் குடியேறிய தாமான் குடியிருப்பில் அவள் வீடு. வயது ஐம்பத்தாறு. கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறை பொறுக்கியவள், இப்போது படம் போடுகிறாள். யாராவது செத்தால் சட்டம் போட்டு மாலை மாட்ட ஒரு முகம் வேண்டுமே? அந்த முகத்தை ஏதாவது கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, பின்னால் நீல வானம் வைத்து, கோட்டும் டையும் மாட்டிவிடுவாள். ஆயுள் முழுக்க கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டியவன் அவள் கையில் செத்த பிறகு மேனேஜர் ஆகிறான். பெண்களுக்குப் பட்டுச்சேலை. மூக்குத்தி இலவசம்.

இதில் பாதிப் பேர் இன்னும் சாகவில்லை. முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். முதல் ஆள் அப்பாவு. எழுபதைத் தாண்டிய முன்னாள் பால்வெட்டுக்காரர், தலை வழுக்கை. கம்ப்யூட்டரில் மட்டும் அடர்ந்த கிராப்பு உண்டு. அவ்வப்போது வந்து, அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டீ குடித்துப் போவார். மூலப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

நாளை அவருக்கு ஈப்போவில் நெஞ்சு ஆப்ரேசன். இன்று மதியம் போய்ப் படுக்க வேண்டும். படத்தைக் கையில் வாங்காமல் போவதில்லை என்று, சலவைச் சட்டையோடு காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"செத்துப்போன சதாசிவத்துக்கு ஐ.சி. கார்டு படத்த பெருசாக்கி மாட்டிட்டானுங்க. போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கான். நான் அப்படி தொங்கமாட்டேன்லா."

ஓர் இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று கேட்க வேண்டும். யார் கேட்டது? சரஸ்வதி பூசையன்று நவமணி அதைத் துடைத்தாள். பொத்தான்தான் அதன் நெற்றி என்று முடிவு செய்தாள். சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். மறுநாள் கோளாறு. பூசையில் ஏதோ குறை என்று இன்னும் கொஞ்சம் சந்தனம். கண்ணை மூடிக்கொள்பவளுக்கு, அழுத்திய பொத்தான் மேலே வருகிறதா என்று எப்படித் தெரியும்? சந்தனம் அதைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் விடுகிறது. பொத்தான் நான்கு நொடி அமுங்கியே இருந்தால், நின்றுவிடச் சொல்கிறார்கள் என்றுதான் எந்தக் கம்ப்யூட்டரும் எடுத்துக்கொள்ளும். ஆக இது வேலைநிறுத்தமே இல்லை. கீழ்ப்படிதல்.

வேறு வைத்தியமும் பார்த்தாள். பிளக்கை மாற்றினாள். பெட்டியைத் திறந்து தூசி ஊதினாள். யாரோ சொன்னார்கள் என்று உள்ளே இருந்த ஒரு தகட்டைக் கழற்றி, பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்தாள். தலைமுறை தலைமுறையாக ரப்பரை நம்பிய குடும்பம். மேசையை வடக்குப் பார்த்துத் திருப்பினாள். கடைசியில் ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தேவனுக்குப் போன் போட்டாள்.

"கொண்டாங்க அக்கா, ஃபார்மட் பண்ணிருலாம். உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும், புதுசு மாதிரி ஆயிரும்."

"உள்ள இருக்கிறது எங்க தோட்டம்லா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அப்பாவு விஷயத்தைப் புரிந்துகொண்டார். தன்னிச்சையாகக் கை தலைக்குப் போனது.

"ஒரு தடவ கொட்டுனது பத்தாதா?" என்றார்.

வெளியே அவர் மகனின் கார் ஹாரன் அடித்தது. அப்பாவு எழுந்தார். நெற்றி வெறுமையாக அவர் எந்த நல்லது கெட்டதற்கும் வாசல் தாண்டியதில்லை. சந்தனம் கேட்டார். கிண்ணம் காலி. இருந்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது.

அவர் யோசிக்கவில்லை. குனிந்து, பொத்தானைச் சுற்றிக் காய்ந்து கிடந்ததைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக வந்தது. நவமணி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"மாமா, அது அதுக்கு வெச்சதுலா."

"அதுக்கா நாளைக்கு ஆப்ரேசன்? எனக்குத்தான்லா."

இடுக்கில் இருந்ததையும் விடவில்லை. டீ கிளாஸின் அடியில் இருந்த ஈரத்தில் குழைத்து, நெற்றியில் அகலமாக இட்டுக்கொண்டார். குங்குமமும் கூடவே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் விதவை போல நின்றது. பொத்தான் டொக்கென்று முழுதாக வெளியே வந்ததை இருவருமே பார்க்கவில்லை.

போகிற மனிதருக்காக இன்னும் ஒரு முறை. நவமணி கண்ணை மூடினாள், அழுத்தினாள், ஒற்றிக்கொண்டாள். விசிறி சுழன்றது. சுண்டுவிரல் மடங்கியது. மோதிர விரல். நடுவிரல். மறுபடி ஹாரன். ஆள்காட்டி விரல் மடங்கியது. விசிறி சுழன்றுகொண்டே இருந்தது.

அப்பாவு திரைக்கு நேராக வந்து நின்று, கழுத்தில் இல்லாத டையை நேராக்கிக்கொண்டார். நவமணி கட்டைவிரலை மடக்கினாள்.

ஐந்து.