திரும்பி வராத நோயாளிகளைத் தேடியவர்

ராகினி இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது பேராதனை வீதி நெரிசலில், பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வார்டுத் தாதிதான் அழைத்தார். "டாக்டர், நம்ம ராகினி மேடம்..." என்று அழுதார். அடுத்த தரிப்பில் இறங்கி, ஏன் இறங்கினேன் என்று தெரியாமல் நின்றேன்.

எலும்புச் சத்திரசிகிச்சைப் பிரிவில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு, சத்திரசிகிச்சை நிபுணரான அவருடைய பிடிவாதத்தைச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டி மழையைத் திட்டிக்கொண்டே இங்கேயே ஆயுளைக் கழித்தவர்.

ஒருமுறை ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து புஷ்பம் என்ற கொழுந்து பறிக்கும் பெண் வந்தாள். முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. செயற்கை மூட்டு வைத்த பிறகும் மலை ஏறி இறங்க முடியாவிட்டால் அவள் பிழைப்பு போய்விடும். பழைய நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றி, யாருக்கு எந்த மூட்டு ஒத்துவந்தது என்று பார்த்து முடிவெடுக்கும் வழக்கத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். இருந்த இரண்டு வகைகளில் முதலாவதே நல்லது என்று கணினி காட்டியது. அதை வைத்துக்கொண்ட தோட்டத்துப் பெண்கள் எவரும் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ராகினிக்குப் போதவில்லை. "வராத ஆக்கள் எல்லாம் சுகமாகீட்டினம் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டு, அந்தப் பெண்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். "மேடம் எலெக்ஷனுக்கு வோட்டு கேக்கப் போறீங்களா?" என்று நான் கேலி செய்தேன். தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து பேசிய ஒருத்தியின் பதிலைக் கேட்டதும் தொலைபேசியை எங்கள் பக்கம் நீட்டினார்.

"லயத்துப் படி எறங்க முடிஞ்சாத்தானே டாக்டரம்மா, கிளினிக்குக்கு வர முடியும்?"

எங்கள் கணினியில் அவள் சுகமானவள். அவளைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். அன்றே அந்த விவரங்களைத் திருத்தத் தொடங்கினோம். திருத்தியபோது இரண்டாவது வகையே மேல் என்று தெரிந்தது; அதையே புஷ்பத்துக்கு வைத்தார் ராகினி.

சில மாதங்களில் புஷ்பம் தானே நடந்து வந்து, பஸ்ஸையும் கங்காணியையும் கிளினிக் வரிசையையும் வாய் ஓயாமல் ஏசினாள். ராகினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஏச வந்திட்டாள், பாத்தியளா? கால் வேலை செய்யுது," என்றார். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் பார்க்கக் கிடைக்காதா என்று மனம் கிடந்து தவிக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். எந்த மூட்டு என்று முடிவெடுக்கும் முன், அதை ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்களை அழைத்துக் கேட்கிறேன். போன வாரமும் அழைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என்றதுமே மறுமுனையில் ஒரு பெரியவர், "ராகினி டாக்டரம்மாகிட்டக் குடுங்க," என்றார்.

"அவங்க இங்க இல்லீங்க."

"பரவாயில்ல. வந்ததும் சொல்லுங்க, மாரிமுத்து நடக்குறான்னு."

"சொல்றேங்க," என்றேன்.