வந்துட்டீங்களா, மாமா?

என் நாத்தனார் இந்திராணி அண்ணிக்கு ஆண்டவன் தொண்டையைக் கொடுக்கும்போது அளவு பார்க்கவில்லை. பழவேற்காடு சந்தையில் நண்டுக் கூடையை இறக்கி வைத்து ஒரு குரல் கொடுத்தால், பக்கத்துக் கூடைக்காரிகள் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சுண்ணாம்புக்குளத்திலிருந்து அவர் தம்பி தினகரனைக் கட்டிக்கொண்டு நான் பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துக்கு வந்த புதிதில், அண்ணி திட்டுகிறார் என்று நினைத்து மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். "அடி பைத்தியமே, சோறு துன்னத்தான்டி கூப்ட்டேன்" என்று அப்புறம் சிரித்தார். கோபம் வந்தால் பக்கத்தில் நிற்க முடியாது. கோபம் போனால் நம் தட்டில் பெரிய இறாலாகப் பார்த்து விழும்.

அப்பேர்ப்பட்ட வாயும் அடங்கிப்போனது மகன் ஹரிஹரன் விஷயத்தில். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனவன், கூட வேலை பார்த்த ஆர்த்தியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றான். அவள் எளாவூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர்ப் பெண். சாதி வேறு, சனம் வேறு. அண்ணியின் வீட்டுக்காரர் பச்சைமுத்து அண்ணன் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கும் அதிரவில்லை. "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்றார். பிள்ளை "நைனா, நைனா" என்று கூப்பிடக் கூப்பிட, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்.

அண்ணிக்கு எழுத்து வராது. போனில் பேசியே சேதி அனுப்பலாம் என்று தெரிந்த நாளில் என்னிடம் ஓடி வந்தார்.

"சுதா, நம்ம ஆளுங்க மட்டும் பேசிக்கிற மாரி ஒரு குரூப்பு போட்டுக் குடுடி. வெளியாளு ஒரு ஈ காக்கா நொழையக் கூடாது."

'நம்ம வூடு' என்று பெயர் வைத்தோம். அண்ணி, நான், என் வீட்டுக்காரர், ஹரிஹரன், ஆர்த்தி.

"உங்க அண்ணனையும் போடு."

"திட்டப் போறாரு அண்ணி."

"திட்டட்டும்டி. திட்றதுக்காவது வாயத் தொறக்கட்டுமே."

அண்ணன் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. ஆனால் குரூப்பை விட்டு விலகவும் இல்லை. ஒருநாள் கிழிந்த வலை பொத்துகிற இடத்துக்கு நான் டீ கொண்டுபோனேன். மனிதர் மகனுடைய போட்டோவை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்துவிட்டு, "நண்டு இன்னா வெலன்னு பாக்குறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இதற்கிடையில் ஆர்த்தி உண்டானாள். அவளைப் பெற்றவர்களின் கோபம் வளைகாப்போடு கரைந்து, பிரசவத்துக்கு எளாவூருக்கே அழைத்துப்போய்விட்டார்கள். அண்ணிக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். "அவங்க வூட்டுக் கதவு தொறந்துடுச்சி. கொயந்தையத் தூக்கிக்கினு மாமியா வூட்டுக்கு வர்ற அன்னிக்கு என் மருமவ எந்த வாசலுக்குடி வருவா?" என்று என் தோளில் சாய்ந்து கேட்டார்.

மாமனாரிடம் தானே பேசிப் பார்க்கலாம் என்று ஆர்த்திக்குத் தோன்றியிருக்கிறது, பாவம். அவள் பேசிய நேரம்தான் நேரம்.

ஏரியில் நினைத்த ஆள் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று முறை இருக்கிறது. நல்ல இடத்துக்கு நம் முறை வந்த அன்று போனால் உண்டு, விட்டால் அடுத்த சுற்று வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். அன்றைக்கு அண்ணனுடைய பாடு. ஆட்கள் எல்லாரும் படகில் ஏறியாயிற்று. அண்ணன் ஒரு காலைப் படகில் வைக்கும்போது போன் சிணுங்கியது. குரூப்பில் மருமகள் முதல்முதலாகத் தன்னிடம் பேசியிருக்கிறாள் என்று பார்த்தவர், என்ன நினைத்தாரோ, அதை ஒலிக்கவிட்டார். குரல் கரை முழுக்கக் கேட்டது.

"மாமா, நல்லா இருக்கீங்களா? எங்க போறீங்க, ஏரிக்கா, கடலுக்கா?"

அவ்வளவுதான். தொழிலுக்குப் போகிறவனைப் பார்த்து 'எங்கே போறே' என்று எங்கள் சனத்தில் பச்சைக் குழந்தைகூடக் கேட்காது. கேட்டால் போன காரியம் விளங்காது என்பார்கள். ஆர்த்தியின் ஊரிலோ எதிரே வருகிறவரை எங்கே போறீங்க என்று கேட்காவிட்டால்தான் மனஸ்தாபம். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். அதை யார் யாரிடம் சொல்வது? ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். அந்தப் பாடு போனது. எங்கள் எல்லார் போனிலும் 'பச்சைமுத்து வெளியேறினார்' என்று வந்தது.

அண்ணி முதலில் போனைத் திட்டினார். பிறகு போனைக் கண்டுபிடித்தவனை. பிறகு குரூப் போட்டுக் கொடுத்த என்னை. எல்லாரும் தீர்ந்தபின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆர்த்தி அங்கே எளாவூரில் அழுதுகொண்டிருந்தாள். அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அழுவாத பொண்ணே. நெறமாசக்காரி அழுவக் கூடாது. நல்லாக் கேட்டுக்க. எங்க சனத்துல போறவங்களக் கேக்கக் கூடாது. வந்தவங்களத்தான் கேக்கணும்."

மறுநாள் அண்ணன் படகு கரை தட்டுகிற நேரத்துக்குக் குரூப்பில் ஆர்த்தியின் குரல் வந்தது. "வந்துட்டீங்களா, மாமா?"

அண்ணி தன் போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி, வலை இறக்கிக்கொண்டிருந்தவர் காதருகே ஒலிக்க வைத்தார். "அந்தப் பேஜார நிறுத்து" என்று அண்ணன் தள்ளிவிட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். அந்தப் பெண்ணுக்கும் பிடிவாதம், என் நாத்தனாருக்கும் பிடிவாதம். பொருத்தமான மாமியார் மருமகள்தான். போகப் போக அண்ணன் தள்ளிவிடுவதை நிறுத்தினார். தலை நிமிராமல் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டே கேட்பார். கேட்டு முடித்ததும் எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் குரல் வரவில்லை. அண்ணன் நண்டு எல்லாவற்றையும் கழற்றி முடித்தும் எழுந்திருக்கவில்லை. வெறும் வலையை உதறி உதறிப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா, இன்னிக்கு ஒண்ணும் வரலியா?"

"இன்னாது வரணும்?" என்றார் அண்ணி. விடுவாரா?

"அதான்... அது."

"எதுய்யா?"

"அந்தப் பொண்ணு கொரலு. தெனம் கேக்குமே. ஒடம்பு கிடம்பு சரியில்லியா? கேளேன்."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஹரிஹரன் பேசி அனுப்பினான். "அம்மா, பொண்ணு பொறந்திருக்கும்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நைனா கிட்ட..." கூடவே ஒரு போட்டோ. சிவப்புத் துணிக்குள் உள்ளங்கை அளவு முகம். முன்நெற்றி அப்படியே பச்சைமுத்து அண்ணன்.

அண்ணன் ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அம்மா சுதா, என்ன அந்தக் குரூப்புல சேத்துவுடேன்."

"குரூப்புக்கு நான்தான் பெரிய ஆளு, என்னக் கேளுய்யா" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே மிரட்டினார். சேர்த்தோம். எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். அண்ணன் போனை வாயருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வந்துட்டியா, தாயி?"

அவ்வளவுதான் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஆர்த்தியின் குரல் வந்தது, களைத்துப்போய். "வந்துட்டோம் மாமா."

மறுநாள் காலையில் அண்ணன் வலையைத் தொடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணியோடு பழவேற்காட்டுக்குப் போகிற படகில் ஏறி உட்கார்ந்தார். வழக்கப்படி யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எளாவூருக்குப் போறேன்" என்றார், படகு முழுக்கக் கேட்கிற மாதிரி. "என் மருமவளையும் பேத்தியையும் எப்ப நம்ம வூட்டுக்கு அழைச்சிக்கினு வரலாம்னு கேட்டுக்கினு வரப் போறேன்."